பட்டாளத்தய்யாவைப் பழைய நாளிதழ்களில் தேடியது: ஏழு மாத வேலைக் குறிப்பு

போன வாரம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் பட்டாளத்தய்யாவின் நினைவுப் பலகையை மாட்டிவிட்டோம். இரண்டடிக்கு ஒன்றரை அடி. என் தாத்தாவின் தம்பி, ஊரில் எல்லோருக்கும் பட்டாளத்தய்யா, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சிப்பாயாக இருந்தவர். 1981-இல் இறந்துபோனார். அவர் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரைப் பழைய நாளிதழ்களிலிருந்து எடுத்துக் கோர்த்த கதையை, சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு தாத்தாவை யாராவது தேடிக்கொண்டிருந்தால் நான் போன தப்பான வழியில் போகாமல் இருக்கலாம். குடும்பம் கேட்டுக்கொண்டதால் பெயரும் ஊரும் இதில் இல்லை. தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருந்தவை மூன்று. அத்தை (அவருடைய இளைய மகள்) தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்று, வயதான காலத்தில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். இரண்டு, ஜப்பானிய முத்திரை குத்திய ஒரு தடித்த அட்டை, மலாயாவில் ஜொகூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பெயர் போட்டது. பின்பக்கத்தில் பென்சிலில் அவர் கையெழுத்தில் ‘கேம்ப்’ என்று ஒரே ஒரு சொல். மூன்று, ஒரு நாளிதழ்த் துண்டு. 11 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். வேட்டி கட்டிய ஆட்கள் வரிசையாக நிற்கும் படம், கீழே பாதி வெட்டுப்பட்ட விளக்கம். தேதி இல்லை, பத்திரிகைப் பெயர் இல்லை. நடுவில் தொப்பி போட்டு நெட்டையாக நிற்பவர்தான் அப்பா என்று அத்தை சொன்னார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

முதல் தப்பு, தியாகி பென்ஷன் பட்டியல்களில் ஆரம்பித்தது. மத்திய அரசு 1972-இல் அந்த ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது, ஐ.என்.ஏ. ஆட்களுக்கும் உண்டு. ஆனால் சிறையிலோ முகாமிலோ குறைந்தது ஆறு மாதம் இருந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் கூட இருந்தவர் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்து, போர் முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பி, 1946-இல் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிய மனிதரிடம் என்ன காகிதம் இருக்கும்? இரண்டு முறை விண்ணப்பித்து விட்டுவிட்டாராம். இது அத்தைக்கு முதலிலேயே தெரியும், நான்தான் கேட்கவில்லை. கேட்காமல் ஐந்து வாரம் பட்டியல் பட்டியலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தேடலுக்கும் முன்னால் வீட்டில் உயிரோடு இருக்கும் பெரியவரிடம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அத்தையின் அந்தப் பேச்சுதான் பின்னால் எனக்குப் பலமுறை கைகொடுத்தது.

அப்புறம் சிங்கப்பூர் நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-லிருந்து உண்டு, தமிழ் முரசும் உண்டு. சில கட்டுரைகளுக்கு வீட்டிலிருந்து தலைப்பு மட்டும்தான் தெரியும், முழுப் பக்கம் வேண்டுமானால் அங்கே நூலகக் கணினிக்குப் போக வேண்டும். அந்த ஊரில் வேலை பார்க்கும் நண்பர் ஒரு சனிக்கிழமை முழுக்க எனக்காகப் போய் உட்கார்ந்தார்.

பெயரைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் ஒழுங்கே கிடையாது, அதுவும் 1940-களில் தோட்டத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஒரு தாளில் அவர் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று போட்டுப் பார்த்தேன், 14 வந்தது. ழகரத்துக்கே மூன்று, இரட்டை எழுத்து ஒற்றையானால் இரண்டு, கடைசியில் ‘ன்’ போட்டும் போடாமலும். இதற்கு மேல் கணினி எழுத்தைப் படிக்கும்போது செய்கிற பிழை வேறு. ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் ‘எம்’ என்று படித்துவிடும். 14 வடிவத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டதில் 1947-இல் ஒரு வழக்குச் செய்தி அகப்பட்டது. அதே பெயர், அதே முதலெழுத்து, ஜொகூர், முன்னாள் ஐ.என்.ஏ. எனக்குக் கை நடுங்கியது. இரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டு அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏப்பா, அக்கா பிறந்தது நாப்பத்தேழு தையில. அப்பா அதுக்கு முந்தின வருஷமே ஊருக்கு வந்தாச்சே” என்றார். அதோடு அந்த இரண்டு பக்கமும் போயிற்று. பெயரும் முதலெழுத்தும் ஊரும் பொருந்தினாலும் ஆள் வேறாக இருக்கலாம். அன்றிலிருந்து பெயரைத் தவிர இன்னும் இரண்டு செய்தி ஒத்துவந்தால்தான் நம்புவது என்று வைத்துக்கொண்டேன்.

அட்டைக்கு வருகிறேன். அதில் முத்திரைக்குப் பக்கத்தில் 25.8.2603 என்று இருந்தது. 2603 ஏதோ வரிசை எண் என்று குடும்பத்தில் நினைத்திருந்தார்கள், நானும் இரண்டு மாதம் அப்படியே நினைத்தேன். சிங்கப்பூரில் ஜப்பானியர் காலத்து நாளிதழைத் திறந்தபோதுதான் விளங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நின்றுவிட்டது, மறுபடி வந்தது 1945 செப்டம்பர் 7-இல்தான். இடையில் வந்தது சியோனான் டைம்ஸ் (சியோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்), பிறகு அது சியோனான் ஷிம்புன். அதன் முகப்பில் ஆண்டு 2602 என்று போட்டிருக்கிறது. ஜப்பானியர்களின் பழைய ஆண்டுக் கணக்கு அது. 660-ஐக் கழித்தால் நம் கணக்கு வந்துவிடும். 2603 என்றால் 1943. ஆக, அட்டையின் தேதி 1943 ஆகஸ்ட் 25.

அந்தத் தேதி எனக்கு மிகவும் பெரிய விஷயம். போஸ் சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. 4-ஆம் தேதி கேத்தே அரங்கில், அங்கிருந்த இந்தியர்களின் விடுதலை அமைப்பான இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்றார், மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அதுவரை ஐ.என்.ஏ. பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்ட சிப்பாய்கள்தான். அவர் வந்த பிறகுதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஏழு வாரம் கழித்து எங்கள் வீட்டு ஆள் அட்டையின் பின்னால் ‘கேம்ப்’ என்று எழுதியிருக்கிறார். அந்த ஜூலை, ஆகஸ்ட் இதழ்கள் முழுவதையும் படித்தேன். அவர் பெயர் இல்லை, ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் ஏன் வரப்போகிறது. ஜப்பானியர் நடத்திய பத்திரிகை என்பதால் அதில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனாலும் அந்த வாரம் அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி எனக்கு இல்லை.

இனி அந்தத் துண்டு. ஏழு மாதத்தில் பாதிக்கு மேல் இதில்தான் போனது.

முதலில் படம் எடுப்பது. மெல்லிய தாள், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. துண்டுக்கு அடியில் கறுப்பு சார்ட் தாள் வைத்தால் பின்பக்க எழுத்து அடங்கிவிடுகிறது, வெள்ளைத் தாள் வைத்தால் இரண்டும் கலந்து தெரியும். இரண்டு பக்கமும் சின்ன எல்.இ.டி. விளக்கு, சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில். பிறகு 600 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன். பழைய அச்சுப் படம் முழுக்கப் புள்ளிதான், குறைந்த அளவில் ஸ்கேன் செய்தால் புள்ளிகள் சேர்ந்து அலை அலையாகக் கோடு விழும். 600-இல் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு அளவைக் குறைத்தால் முகம் வருகிறது. ஒட்டுநாடா ஒட்டியிருந்த ஒரு மூலையை நான் பிய்க்கப் பார்த்து ஓர் எழுத்து போய்விட்டது. பிய்க்காதீர்கள். லேமினேஷனும் வேண்டாம், ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க முடியாது.

தேதி கண்டுபிடிக்கத் துண்டைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் ஒரு மருந்து விளம்பரம், விலை ‘ந.பை.’ என்று. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1, ‘நயா’வை எடுத்தது 1964 ஜூன் 1. அந்த ஏழு வருஷத்துக்குள் எங்கோ. இன்னும் கிட்ட வர வேண்டும். மேல் ஓரத்தில் கத்தரித்த இடத்தில் ‘…பகிருது௵ கார்த்தி…’ என்று இருந்தது. தமிழ் வருஷப் பெயர்! ‘கிருது’ என்று முடிவது அந்தக் காலகட்டத்தில் இரண்டு, சுபகிருது 1962–63, சோபகிருது 1963–64. மாதம் கார்த்திகை. ஆக 1962 அல்லது 1963, நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை. ஒரு மருந்து விளம்பரமும் நாலு எழுத்தும் சேர்ந்து ஏழு வருஷத்தை அறுபது நாளாகக் குறைத்துவிட்டன. தமிழ் நாளிதழ்த் துண்டு வைத்திருப்பவர்கள் ஓரத்தை நறுக்காமல் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வெட்டுப்பட்ட எழுத்தின் மிச்சத்தைப் பார்த்து அது ‘சோ’வின் கால் என்று நானே தீர்மானித்தேன், அதனால் 1963-ஐ முதலில் எடுத்தேன். சென்னையில் ஒரு நூலகத்தில் நுண்படச் சுருள், 35 மி.மீ., அதைக் கருவியில் மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். முழு மாதம் பார்த்தேன். நவம்பர் 22-இல் கென்னடி கொலை, அதன்பின் பக்கம் பக்கமாக அதுதான். எங்கள் ஊர் இல்லை. மறுநாள் 1962 சுருள், அதிலும் இல்லை. இரண்டு நாள், ஒரு விடுதி அறை, கழுத்து வலி. வெளியே வரும்போது அங்கே வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார், “நீங்க பாக்குறது சென்னைப் பதிப்பாச்சே, ராமநாதபுரம் ஜில்லா செய்தி மதுரைப் பதிப்புலதானே வரும்?” எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கு எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம், சிவகங்கை தனியாகப் பிரிந்தது 1985-இல். சின்ன ஊர்ச் செய்தி அந்தந்தப் பதிப்போடு நின்றுவிடும்.

இந்தத் தேடலில் கணினி எனக்கு உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணை எல்லாம் கொம்பு வைத்த பழைய வடிவம், றா, னா, ணா சுழித்த வடிவம். நான் ஓட்டிப் பார்த்த மென்பொருள் அவற்றைக் கண்டபடி படித்தது. தமிழுக்குக் கண்ணால் பார்ப்பதுதான் வழி என்று விட்டுவிட்டேன்.

மதுரைப் பதிப்பின் கட்டு போட்ட தொகுதிகள் வேறோர் ஊரில், பழைய நூலகம் ஒன்றில் இருந்தன. மூன்று முறை போக வேண்டியிருந்தது, முதல் முறை சாவி வைத்திருப்பவர் இல்லை, இரண்டாம் முறை அனுமதிக் கடிதம் கேட்டார்கள். மூன்றாம் முறை உள்ளே விட்டார்கள். 1962 டிசம்பர் முதல் வாரம், ஐந்தாம் பக்கம், மூன்றாவது பத்தி. தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் உடைகிறது. விரலால் புரட்டாமல் தபால் அட்டை ஒன்றை அடியில் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தூக்கினேன். போனைத் தாளுக்குச் சரிசமமாகப் பிடித்து 9 படம் எடுத்தேன்.

சீனப் போர் நேரம் அது. அக்டோபர் 20-இல் ஆரம்பித்து நவம்பர் 21-இல் போர் நிறுத்தம். நாடு முழுக்கத் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு மக்கள் பணமும் நகையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் திரட்டியிருக்கிறார்கள், அதை முன்னின்று செய்தவர் முன்னாள் ஐ.என்.ஏ. சிப்பாய் என்று இவர் பெயரைப் போட்டுச் செய்தி. அவர் ஊர் இளைஞர்களுக்குத் தினமும் காலையில் கண்மாய்க் கரையில் டிரில் சொல்லிக்கொடுப்பதாகவும் ஒரு வரி. பெயர், ஊர், ஐ.என்.ஏ., மூன்றும் ஒத்தன.

படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். தொப்பி போட்ட நெட்டையானவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர். பட்டாளத்தய்யா இடது ஓரத்தில் முதல் ஆள். எங்களிடம் இருந்த துண்டில் அவர் முழங்கை மட்டும்தான் இருக்கிறது. துண்டு ஒரு காலத்தில் சின்னக் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பொருந்த நறுக்கியிருப்பார்கள் என்று அத்தை சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு மேல் வீட்டில் வேறொருவரைக் காட்டி இவர்தான் அப்பா என்று சொல்லிவந்திருக்கிறார்கள். நானும் அவசரப்பட்டு, மே மாதமே அந்த நெட்டை மனிதரின் முகத்தை இரண்டடிக்குப் பெரிதாக்கி பிளெக்ஸ் அடித்துவிட்டேன். அது ஆள் தப்பு மட்டுமல்ல, அவ்வளவு பெரிதாக்கினால் அச்சுப் புள்ளிதான் தெரியும், கிட்ட நின்றால் முகமே இல்லை. இப்போது மாட்டியிருப்பதில் படம் 8 அங்குலம்தான், அதற்கு மேல் தாங்காது.

செய்தியின் கடைசியில் கொடுத்தவர்கள் பட்டியல். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஒரு மூட்டை நெல். இவர் பெயருக்கு நேரே ஒரு ஜோடி தோடு.

அதை அத்தையிடம் படித்தபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. “அம்மா காது மூளியா இருந்தது இதனாலதானா” என்றார். சின்ன அப்பத்தாவின் தோடு வட்டிக் கடையில் மூழ்கிவிட்டது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள், அதற்காக அப்பா மேல் உள்ளுக்குள் வருத்தமும் இருந்திருக்கிறது. அப்பத்தா எதுவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

செலவுக் கணக்கு. பேருந்து, ரயில், விடுதி 1,940 ரூபாய். நகல் 380. விளக்கு இரண்டு 480. வீணாய்ப்போன பிளெக்ஸ் 400. சன்போர்டு (கெட்டியான நுரை அட்டை) அச்சு 900, மரச் சட்டம் 750. மொத்தம் 4,850. பள்ளிக்கூடத்துச் சுவர் வெயில் படும் இடம் என்பதால் பிளெக்ஸ் இரண்டே வருஷத்தில் வெளுத்துவிடும், அதனால்தான் சன்போர்டு போட்டு, நுழைவாசல் திண்ணைக்கு உள்பக்கமாக மாட்டச் சொன்னேன்.

மறுபடி செய்தால் முதல் நாளிலிருந்தே ஓர் அட்டவணை வைப்பேன். நாளிதழ், பதிப்பு, தேதி, பக்கம், பார்த்தது, கிடைத்தது அல்லது இல்லை. இல்லை என்பதையும் எழுத வேண்டும், நான் எழுதாததால் 1943 ஆகஸ்ட் இதழ்களை இரண்டு முறை படித்தேன். பதிப்பு என்ற கட்டம் மட்டும் இருந்திருந்தால் சென்னைப் பயணமே மிச்சம். போர்ச் செய்தியில் தேடிய நேரத்தைக் குறைத்து, அவர் ஊருக்கு வந்த பிறகான முப்பத்தைந்து வருஷத்துக்குக் கொடுப்பேன். சிப்பாயைப் பத்திரிகைகள் பட்டாளத்தில் இருந்தபோது கவனிக்கவில்லை, நிதி திரட்டும்போதும் ஊருக்குப் பேருந்து கேட்டு மனுக் கொடுக்கும்போதும்தான் பெயரை அச்சிட்டிருக்கின்றன. அந்தப் பேருந்து மனுச் செய்தியும் அதே தொகுதியில் இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தது.

பலகையில் 1943 ஆகஸ்டுக்கும் 1946-க்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருக்கிறேன். பர்மா வரை போனாரா, மலாயாவிலேயே இருந்தாரா என்பதற்கு ஒரு காகிதமும் இன்னும் கையில் இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் நிறைய இருக்கின்றன, கணக்குத் தொடங்கிவிட்டேன். 14 வடிவத்தில் இதுவரை ஆறு முடிந்திருக்கிறது.